கடைசிப் பக்கம் இல்லாத ஆகாய விமானங்கள்

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. ஆகையால் பதில் எழுத அவசரப்பட வேண்டாம். எனக்கு இப்போது வயது பதினேழு. கல்யாணம் ஆகவில்லை, பெண் பார்க்கவில்லை, மீசைகூட இன்னும் சம்மதம் சொல்லி அனுப்பவில்லை. ஆனாலும் அப்பன் என்கிற முறையில் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ இதைப் படிக்கும்போது உனக்கு இருபத்தைந்து வயதாவது ஆகியிருக்கும் என்று வைத்துக்கொண்டால், இந்தக் காகிதத்தில் நீ என்னைவிட எட்டு வயது மூத்தவன். மூத்தவர்களுக்கு ‘நீங்க’ போட வேண்டாமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். நம் பக்கத்தில் பால்குடிக்கிற குழந்தையைக்கூட ‘வாங்க சாமி’ என்றுதானே கூப்பிடுகிறார்கள். ஆனால் பிறக்கும் முன்பே மகனிடம் இவ்வளவு வளைந்து கொடுத்தால் பிறகு நிமிரவே முடியாது என்று தோன்றியதால் ‘நீ’ என்றே வைத்துவிட்டேன். மகளாகப் பிறந்திருந்தால் கோபித்துக்கொள்ளாதே. மேலே ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக்கொள். மற்றதெல்லாம் உனக்கும் அப்படியே செல்லும்.

இந்தக் கடிதத்தை ஒரு நீல அட்டைப் புத்தகத்துக்குள் வைக்கப் போகிறேன். அதையும் சேர்த்து இருபத்து மூன்று புத்தகங்கள் உனக்கு வந்து சேரும். எல்லாம் இங்கிலீஷ், எல்லாம் பழசு, எல்லாம் போன யுத்தத்தில் ஆகாயத்தில் சண்டை போட்டவர்களைப் பற்றியது. இப்போது நடக்கிற யுத்தத்துக்கு முந்தின யுத்தம் அது. எங்கள் இருவருக்கும் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கு இவற்றைப் பத்திரமாக வைக்க வேண்டும், எது என்ன என்று ஒரு சீட்டும் எழுதி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனவன் என் அண்ணன், உன் பெரியப்பா. அவன் விமானப் படையில் மெக்கானிக்காகச் சேர்ந்து போய் ஒரு வருஷம் ஆகிறது. நாலு மாதமாக அவனிடமிருந்து கடிதம் இல்லை. சீட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். அது இப்படி நீண்டுகொண்டு போகிறது.

சேலத்தில் மாமா வீட்டில் தங்கி நான் பள்ளிக்கூடம் படித்தபோது இந்தப் பைத்தியம் பிடித்தது. செவ்வாய்ப்பேட்டையில் காசிம் பாய் என்று ஒருவர் பழைய காகிதம் வாங்கி, பொட்டலம் கட்டுவதற்காக மளிகைக் கடைகளுக்கு விற்பார். யுத்தம் வந்ததும் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரைமார்கள் சிலர் பங்களாவைக் காலி செய்துகொண்டு போனார்கள். பியானோவும் பீங்கானும் அவர்களோடு போயின. அலமாரிப் புத்தகங்கள் மாட்டு வண்டியில் மலையிறங்கிப் பாயிடம் வந்தன. மலைப்பாதை முடிகிற கொண்டப்பநாயக்கன்பட்டியில் வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவார்கள். பாய் தராசோடு அங்கேயே போய்க் காத்திருப்பார். நானும் மாமாவின் பழைய பத்திரிகைக் கட்டோடு காத்திருப்பேன், எடைக்கு எடை மாற்றிக்கொள்ள. ஒரு காலையில் சேர்வராயன் மலையின் பாதியை மேகம் தின்றிருந்தது. அந்த மேகத்துக்குள்ளிருந்து ஒரு வண்டி இறங்கி வந்தது. மூட்டையின் மேல் கிடந்த நீல அட்டையில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு இறக்கை வைத்த ஒரு விமானம். வண்டி ஆட ஆட அதுவும் ஆடியது. மலையிலிருந்து இறங்கி வருவது வண்டியில்லை, அதுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அந்த நினைப்பு இன்னும் தரையிறங்கவில்லை.

“என்ன தம்பி, தொலைஞ்ச மோதிரத்தத் தேடறாப்ல தேடறீங்க?” என்றார் பாய்.

“சும்மா பாக்கறனுங்க பாய்.”

“சும்மா பாக்கறவரு மூக்கு அட்டைக்குள்ள போவாதே.”

அன்றைக்கு மாமாவின் பத்திரிகையோடு என் பூகோளப் புத்தகமும் தராசில் ஏறியது. அந்த வருஷம் பூகோளத்தில் நான் வாங்கிய மார்க்கைப் பற்றி உனக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

பாயிடம் ஒரு பழக்கம் உண்டு. அதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். எந்தப் புத்தகத்தையும் அவர் கடைசியிலிருந்துதான் கிழிப்பார். முன்பக்கமும் அட்டையும் இருக்கிற வரைக்கும் அது புத்தகம், யாராவது புத்தகமாகக் கேட்டு வரலாம். அவை போனால்தான் காகிதம். ஆகவே தேவைக்கு ஏற்பப் பின்னாலிருந்து பத்துப் பத்துப் பக்கமாக உருவிக்கொண்டே வருவார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த நீல அட்டை ஒன்றுதான் மலையிறங்கிய உடனே கைக்கு வந்தது. அதையும் எடை சரிக்கட்டுவதற்காகக் கொஞ்சம் கிழித்துக்கொண்டுதான் கொடுத்தார். மற்றவை கடையில் கிடந்து பாதி தேய்ந்தவை. இருபத்து மூன்று புத்தகங்களில் ஒன்றுக்குக்கூடக் கடைசி அத்தியாயம் கிடையாது.

“முடிவு தெரியாமப் போச்சுங்களே பாய்” என்று ஒரு தரம் கேட்டேன்.

“முடிவு வேணும்னா கடைவீதிக்குப் போயி மளிகைக் கடையில கேளுங்க. மொளகா கட்டிட்டிருப்பாங்க” என்றார்.

ஆகையால் மகனே, பழைய புத்தகம் வாங்கும்போது அட்டையைப் பார்த்து மயங்காதே. கையில் எடுத்ததும் முதலில் பின்னால் புரட்டிப் பார். அப்பன் சொல்கிற முதல் புத்தி இது. நான் கடைப்பிடிக்காத புத்தியும் இதுதான். ஒருவிதத்தில் அதுவும் நன்றாகத்தான் இருந்தது. என் தகரப் பெட்டிக்குள் ஒருவனும் விழவில்லை. எல்லோரும் பிரெஞ்சு தேசத்து மேகங்களுக்கு மேலே, கழுத்துத் துணி பின்னால் பறக்க, இன்னும் பறந்துகொண்டே இருந்தார்கள். பெட்டியில் காதை வைத்தால் சன்னமாக ஓர் இரைச்சல் கேட்கும். கரையான் என்று மாமா சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

லீவு விட்டால் கரி வாயுவில் ஓடுகிற பஸ்ஸைப் பிடித்து, மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளி, ஒருவழியாக ஜேடர்பாளையம் வந்து சேருவேன், மடியில் இரண்டு புத்தகத்தோடு. அண்ணன் அப்போது அரிசி மில்லில் ஆயில் இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இங்கிலீஷ் வராது. இன்ஜின் வரும். மத்தியானம் மில் நின்றதும் காவிரி அணைக்கட்டின் மேல் உட்கார்ந்துகொள்வோம். கீழே தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். நான் படித்துப் படித்துத் தமிழில் சொல்வேன். படத்தைப் பார்த்து, “இதென்னடா, வேட்டியக் கொடியில காயப்போட்டாப்புல” என்பான். நிஜமாகவே துணி இறக்கைகள்தான். கம்பி எதற்கு, கட்டை எதற்கு என்று துளைத்துக் கேட்பான். ஒரு நாள் அந்த இன்ஜின்களுக்கு ஊற்றியது ஆமணக்கெண்ணெய் என்று ஒரு வரி வந்தது. அண்ணன் எழுந்து நின்றுவிட்டான்.

“நம்ம கொட்டமுத்து எண்ணெயா?”

“அதேதான். எண்ணெய் மூஞ்சியில தெறிச்சு, வாய்க்குள்ள போயி, ஓட்டறவனுக்கெல்லாம் வயித்தால போச்சாமா.”

“நம்ம காட்டு வெளக்கெண்ணெயிலயா வெள்ளைக்காரன் பறந்தான்?” என்று நாலு தரம் கேட்டான். வயிற்றால் போனதைப் பற்றி அவன் சிரிக்கவே இல்லை. வரப்போரத்தில் நின்ற ஆமணக்குச் செடியை அதற்குப் பிறகு அவன் தாண்டிப் போன விதமே வேறு. ஒரு கொத்தைத் தொட்டுவிட்டுத்தான் போவான். ஆகாயம் அவனுக்கு அன்றைக்கு அடுத்த காடு ஆகிவிட்டது.

இனி நான் செய்த தப்புகளுக்கு வருகிறேன். சின்னதை முதலில் சொல்கிறேன், பெரியதற்கு உனக்குப் பழக்கமாகட்டும். பட்டாளத்து விமானம் இறங்க ஒரு மேட்டுக்காடு தேடுகிறார்கள், கல் இல்லாத காடாக இருக்க வேண்டுமாம் என்று ஊர் மணியக்காரர் காதில் போட்டேன். மூன்று நாள் ஆள் விட்டுக் கல் பொறுக்கினார். நாலாம் நாள் விஷயம் தெரிந்து என்னைத் தேடிக்கொண்டு வந்தவர், அந்த வருஷம் அதே காட்டில் கடலை நன்றாக விளைந்ததும் ஒரு மூட்டை அனுப்பினார். பொய் சொன்னால் கடலை வரும் என்று எனக்குப் பட்டுவிட்டது. அங்கேதான் கெட்டேன்.

முடிவு இல்லாத கதைகளுக்கெல்லாம் அண்ணனிடம் நானே முடிவு கட்டிச் சொன்னேன். ஒவ்வொருவனும் பத்திரமாக இறங்கினான். ஒவ்வொருவனும் ஊருக்குப் போய்ப் பால் சோறு தின்றான். ஒருவனுக்கு அத்தை மகளையே கட்டி வைத்தேன். வெள்ளைக்காரன் அத்தை மகளைக் கட்டுவானா என்று அண்ணன் சந்தேகப்பட்டான், ஆனால் ஏற்றுக்கொண்டான். அப்புறம் ஒரு சாயங்காலம் சேலத்துக் கடைவீதியில் பொரி வாங்கினேன். பொரியைத் தின்று முடித்துப் பொட்டலத்தைப் பிரித்தால் அச்சு எனக்குப் பழக்கமான அச்சு. நீலப் புத்தகத்தின் காணாமல் போன பக்கம். படித்தேன். அதில் அந்தக் கதையின் விமானி விழுகிறான். பக்கத்தை நாலாக மடித்து ஜியாமெட்ரிப் பெட்டியில் காம்பஸுக்கு அடியில் வைத்துவிட்டேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

அந்த மாதமே அண்ணன் பட்டாளத்துக்குப் பேர் கொடுக்கப் போகிறேன் என்றான். வீடு இரண்டாயிற்று. அம்மா சாப்பிடவில்லை. அப்பா பேசவில்லை. ஒரு வாரம் கழித்து அப்பா, “பூக்கட்டிப் பாத்தரலாம்” என்றார். நீ பிறக்கும் காலத்தில் இந்த வழக்கம் இருக்குமோ என்னவோ, சொல்லி வைக்கிறேன். கிணறு வெட்டுவதோ, பெண் எடுப்பதோ, மனசு இரண்டாக நிற்கும்போது, வாழையிலைத் துண்டில் வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், அடையாளம் தெரியாமல் ஒன்றுபோலக் கட்டி அம்மன் முன்னால் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம். அதற்கு மேல் பேச்சில்லை. பூப்பறித்துக் கட்டும் வேலையை அப்பா எனக்குத் தந்தார். கோயிலுக்குப் பின்னால் நான் ஒருவனாக உட்கார்ந்து, இரண்டிலும் வெள்ளை வைத்துக் கட்டினேன்.

அம்மன் எதற்கு வீணாகச் சிரமப்பட வேண்டும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் சிரித்தேன்கூட. உனக்கு மறைக்காமல் சொல்கிறேன், செய்யும்போது அது மணியக்காரர் காட்டுக் கல் மாதிரிதான் இருந்தது. பூசாரியின் பேத்தி தத்தித் தத்திப் போய் ஒன்றை எடுத்தாள். வெள்ளை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். அம்மா முந்தானையை வாயில் வைத்தாள். எடுக்காத பொட்டலத்தை ஆற்றில் விடுவது முறை. அதை நான் எடுக்கக் கையை நீட்டுவதற்குள் அப்பா எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பறித்த செவ்வரளி என் சட்டைப் பையில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நீலப் புத்தகத்துக்குள் வைத்து அமுக்கினேன்.

அண்ணன் போனான். முதலில் வாரம் ஒரு கடிதம் வந்தது. இன்ஜினை அக்கு அக்காகக் கழற்றி மாட்டச் சொல்லித் தருகிறார்கள், சோற்றுக்குப் புளி இல்லை, இப்போதெல்லாம் ஆமணக்கெண்ணெய் ஊற்றுவதில்லை, அது ஒன்றுதான் வருத்தம் என்று எழுதினான். பிறகு அஸ்ஸாம் பக்கம் போகிறோம் என்று ஒரு கடிதம், அதில் பாதி வரியைக் கறுப்பு மையால் அழித்திருந்தார்கள். பிறகு இல்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்கு வந்தால் சைக்கிள் மணி அடிப்பதை நிறுத்திவிட்டார். முந்தாநாள் அம்மா என்னைக் கூப்பிட்டு, “சின்னவனே, வெள்ளிக்கிழமை கோயலுக்குப் போறோம். அவன் நல்லா இருக்கறானான்னு பூக்கட்டிப் பாத்தரோணும். நீயே கட்டு சாமி. உங்கையில கட்டுனதுதான் போன தடவ நல்ல பூ வந்துது” என்றாள்.

மறுபடி இரண்டும் வெள்ளையாகக் கட்டிவிடலாம். கை அதற்குத் தயாராகவே இருந்தது. அம்மா தூங்குவாள், சாப்பிடுவாள். அப்புறம் ஒரு நாள் வேறு மாதிரித் தந்தி வந்தால், அம்மனையே நம்பாமல் போவாளா, என்னையா? நேர்மையாகக் கட்டி அந்தக் குழந்தை சிவப்பை எடுத்துவிட்டால், இருக்கிறவனை நாங்களே இல்லாமல் ஆக்கின மாதிரி ஆகிவிடாதா? நேற்றுச் சாயங்காலம் அணைக்கட்டில் அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். தண்ணீர் சத்தத்தில் பாதி காதில் விழாது என்கிற தைரியம்.

“ஏனுங்கப்பா, அன்னைக்கி ரெண்டுலயும் வெள்ளப்பூத்தான் வெச்சுக் கட்டுனனுங்க.”

அப்பா இன்னொரு காலையும் கழுவினார். “தெரியுஞ்சாமி” என்றார். “ஆத்துல உடறதுக்கு முன்னால பிரிச்சுப் பாத்தேன்.”

தண்ணீர் சத்தத்தை மீறி இன்னும் கிட்டே போனேன்.

“அப்பறம் ஏனுங்க சும்மா இருந்தீங்க?”

“போன்னு சொல்லத் தெகிரியம் இல்ல. போகாதேன்னு சொல்லி அவன் மூஞ்சியப் பாத்துட்டுக் காலந்தள்றதுக்கும் தெகிரியம் இல்ல. சாமி சொல்லட்டும்னு உட்டேன். சாமிக்குப் பதலா நீ சொன்னே. பிரிச்சுப் பாத்துட்டு நானும் சரீன்னுட்டேன்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார். “இன்னொருக்காப் பொய்ப் பொட்டலம் வேண்டாஞ்சாமி. உங்கம்மாகிட்டச் சொல்லீரு. நானும் வாரேன்.”

சொன்னேன். அம்மா கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். கை மட்டும் நின்றது.

“ரெண்டும் வெள்ளையா?”

“ஆமாங்கம்மா.”

அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாசலைப் பார்த்தார். “செகப்புப் பூவ என்ன பண்ணுனே?”

நீலப் புத்தகத்தைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினேன். பூ காகிதம் மாதிரி ஆகி, காகிதத்தில் பூ மாதிரிக் கறை படிந்திருந்தது. அம்மா பூவைத் தொடவில்லை. அதற்கடியில் இருந்த படத்தைப் பார்த்தாள். வேட்டி காயப்போட்ட மாதிரி விமானம். “இதுக்குத்தான் அவன் போனானா?” என்றாள். பிறகு கடலைத் தோலைத் தள்ளிவிட்டு நேராக உட்கார்ந்தாள். “படி. அவனுக்குச் சொன்னாப்புல எனக்கும் சொல்லு.”

படித்தேன். வெளக்கெண்ணெய் வந்த இடத்தில் கொஞ்சம் சிரித்தாள். பக்கங்கள் தீர்ந்ததும் நான் நிறுத்தினேன். அப்புறம் என்ன என்றாள். பால் சோறு நாக்கு நுனியில் இருந்தது. அத்தை மகளும் இருந்தாள். எழுந்து போய் ஜியாமெட்ரிப் பெட்டியைத் திறந்து, பொரி வாசம் இன்னும் போகாத அந்தக் காகிதத்தை எடுத்து வந்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன். இன்ஜின் நின்றுபோகிறது. ஓர் உருளைக்கிழங்குக் காட்டில் வந்து விழுகிறான். இறக்கை ஒடிந்து அவன் மேல் கிடக்கிறது. கால் அசையவில்லை. அந்தப் பக்கம் எதிராளி தேசம். காட்டோரத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை, கையில் ஒரு பாத்திரத்தோடு அவனைப் பார்த்து ஓடி வருகிறாள். அவ்வளவுதான். பொட்டலம் அத்தோடு முடிகிறது.

“பாத்தரத்துல என்ன?”

“தெரியலைங்கம்மா. மீதிப் பக்கம் இல்லீங்க.”

“பொழச்சானா?”

“தெரியலைங்கம்மா.”

என் வாழ்க்கையில் நான் சொன்ன கஷ்டமான வார்த்தை அதுதான். இரண்டு தரம் சொன்னேன். அம்மா அந்தக் காகிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். எண்ணெய் பட்ட இடத்தில் வெளிச்சம் தெரிந்தது.

“இதுல தெரியாம என்ன கெடக்குது” என்றாள். “காட்டுல வேல செய்யறவ பாத்தரத்துல தண்ணி இல்லாம வேற என்ன வெச்சிருப்பா? கீழ கெடக்கறவன் ஆரு பெத்த புள்ளையா இருந்தா என்ன. அந்த ஊர்க்காட்டுல அவ இருக்கறா. இவன் போன ஊர்க்காட்டுலயும் ஒருத்தி இருப்பா.” காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, “வெள்ளிக்கெழமை சும்மா போய்க் கும்புட்டுட்டு வரலாம். பூவெல்லாம் வேண்டாம்” என்று சொல்லி மறுபடி கடலையை எடுத்துக்கொண்டாள். முதல் கடலையை உரித்து என் வாயில் போட்டாள். இரண்டாவதை அப்பாவிடம் நீட்டினாள். அதற்குப் பிறகுதான் என் முதுகில் ஓர் அடி விழுந்தது. நல்ல அடி. நேற்று ராத்திரி மல்லாந்து படுக்கவில்லை.

ஆகையால் மகனே, உன் அப்பன் உனக்கு வைத்துவிட்டுப் போகும் புத்தி இவ்வளவுதான். நீயும் என்னைப் போல விளையாட்டுப் பிள்ளையாக இருப்பாய், இல்லாவிட்டால் நீ என் பிள்ளையே இல்லை. மணியக்காரர்களைக் கல் பொறுக்க வை. வாத்தியார் நாற்காலியில் என்ன வேண்டுமானாலும் ஒட்டு. ஆனால் ஒருத்தர் மனசு இரண்டாக நிற்கிற இடத்தில் உன் கையை வைக்காதே. தெரியாத முடிவைத் தெரிந்த மாதிரிச் சொல்லாதே. முடிவு தெரியாமல் காத்திருப்பது எப்படி என்று நானே இப்போதுதான் பழகுகிறேன். அணைக்கட்டில் போய் உட்கார்ந்தால் தண்ணீர் சத்தத்துக்குள் ஓர் இரைச்சல் கேட்கிற மாதிரி இருக்கிறது. நிமிர்ந்து பார்க்கிறேன். மேகம்தான். ஆனாலும் நிமிர்ந்து பார்க்கிறேன்.

இருபத்து மூன்று புத்தகத்துக்கும் கடைசிப் பக்கம் இல்லை. இந்தக் கடிதத்துக்கு மட்டும் ஒன்று வைத்திருக்கிறேன். இந்தத் தாளுக்குப் பின்னால் வெற்றுத் தாள் ஒன்று தைத்திருக்கிறேன், உன் பெரியப்பா வந்து எழுதுவதற்கு. என் கை அங்கே போகாது. அது வெறுமையாகவே இருந்தால் நீயும் ஒன்றும் எழுதாதே, அப்படியே உன் பிள்ளைக்குக் கொடு. காசிம் பாய் கண்ணில் மட்டும் காட்டிவிடாதே.

அவ்வளவுதான். இனிப் பின்னால் புரட்டிப் பார்.

இப்படிக்கு,
உன்னைவிட இளைய உன் அப்பன்